ஆணையும் நாவும்

எழுதப்பெறும் நூல்கள் பலவகைப்படும். கதையை எழுதியவர் தாமே திருத்தலாம். சட்டத்தை இயற்றிய மன்றமே மாற்றலாம். பாடநூலைக் கல்வித்துறை புதுப்பிக்கலாம். வழிபாட்டு நூலோ இவற்றுள் எதனோடும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. அது பலர் கூடி, ஒரே நேரத்தில், வாய்விட்டுச் சொல்வதற்கென்று எழுதப்பெறுவது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளிலும், மணநாளிலும், கல்லறைத் தோட்டத்திலும் அந்நூலின் சொற்களே ஒலிக்கின்றன. ஆண்டாண்டாகச் சொல்லிப் பழகிய ஒருவருக்கு அச்சொற்கள் தாளில் இல்லை; நாவில் இருக்கின்றன. அத்தகைய நூலில் ஒரு சொல்லை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? அரசருக்கா, ஆயர்களுக்கா, நாடாளுமன்றத்திற்கா, சொல்லிப் பழகிய மக்களுக்கா? இங்கிலாந்துத் திருச்சபை 1549ஆம் ஆண்டு முதல் இவ்வினாவுக்கு விடை தேடி வந்துள்ளது. அத்தேடலின் வரலாறு சமயத்தைச் சார்ந்ததே எனினும், மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் அதில் நிரம்ப உண்டு.

எட்டாம் ஹென்றி மன்னர் 1534இல் உரோமைத் திருச்சபையின் தலைமையினின்று இங்கிலாந்தைப் பிரித்தார். ஆயினும் அவர் காலத்தில் வழிபாடு பெரும்பாலும் இலத்தீனிலேயே நடைபெற்றது. அதுவும் சால்ஸ்பரியில் ஒரு முறை, யார்க்கில் ஒரு முறை, ஹெரிபோர்டில் ஒரு முறை என இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தது. 1547இல் ஹென்றி மறைந்து, சிறுவராகிய ஆறாம் எட்வர்டு அரியணை ஏறிய பின்னரே மாற்றம் விரைந்தது. கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மரின் தலைமையில் ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்ற பொது ஜெபப் புத்தகம் 1549இல் வெளிவந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நூல், ஒரே முறை என்பது அதன் நோக்கம். அந்நூலுக்கு அதிகாரம் அளித்தது நாடாளுமன்றம் இயற்றிய ஒருமைச் சட்டம். புதிய நூலைப் பயன்படுத்த மறுக்கும் குருவுக்கு முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. இரண்டாம் குற்றத்திற்கு ஓராண்டுச் சிறையும் பதவி இழப்பும். மூன்றாம் குற்றத்திற்கு வாழ்நாள் முழுவதும் சிறை. மக்கள் இறைவனிடம் எச்சொற்களால் பேசவேண்டும் என்பதை அரசின் சட்டம் தண்டனையோடு வரையறுத்தது.

1549ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, புதிய நூல் நாடெங்கும் வழக்குக்கு வந்தது. மறுநாளே டெவன் மாவட்டத்திலுள்ள சாம்போர்டு கோர்ட்னி என்னும் சிற்றூரின் மக்கள் தம் குருவை வற்புறுத்திப் பழைய முறையிலேயே வழிபாடு நடத்தச் செய்தனர். அங்குத் தோன்றிய பொறி டெவன், கார்ன்வால் பகுதிகளில் பெருங்கிளர்ச்சியாக மூண்டது. கிளர்ச்சியாளர் எக்சிட்டர் நகரை முற்றுகையிட்டனர். ஆகஸ்டு மாதத்தில் அரசப்படை அவர்களை அடக்கியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர்.

இதில் ஒரு முரண் உண்டு. மக்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே ஆங்கில நூல் ஆக்கப்பெற்றது. கார்ன்வால் மக்களோ தம்முள் சிலருக்கு ஆங்கிலம் தெரியாது என்று முறையிட்டனர். அவ்வாறாயின் இலத்தீனை அறிந்தவர் அவர்களுள் எத்தனை பேர் என்று கிரான்மர் திருப்பிக் கேட்டார். வாதத்தில் வென்றவர் கிரான்மரே என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மக்களின் துயரம் அவ்வாதத்திற்குள் அடங்குவதன்று. பாட்டன் சொல்லக் கேட்ட ஒலி, தாயை அடக்கம் செய்தபோது கேட்ட ஒலி, ஒரே நாளில் சட்டத்தால் விலக்கப்பட்டது. பொருள் விளங்காவிடினும் அவ்வொலி அவர்களுக்கு உரியதாக இருந்தது. பொருள் விளங்கும் புதிய ஒலியோ இன்னும் அவர்களுடையதாகவில்லை.

மூன்றாண்டுகளில், 1552இல், நூல் மீண்டும் திருத்தப்பட்டது. திருத்தத்தின் உயிர்நிலை திருவிருந்தில் அப்பத்தை வழங்கும்போது குரு சொல்லும் வாக்கியம். 1549ஆம் ஆண்டு நூலில் அவ்வாக்கியம், வழங்கப்படுவது ஆண்டவரின் உடல் என்னும் பொருள்படவே அமைந்திருந்தது. பழைய நம்பிக்கையினரும் அதனை ஏற்க இடம் இருந்தது. 1552இல் அது நீக்கப்பட்டு, ஆண்டவர் இறந்ததை நினைவுகூர்ந்து நன்றியோடு உண்ணுமாறு கூறும் வாக்கியம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. முன்னதில் அப்பம் உடலாயிற்று. பின்னதில் அப்பம் நினைவாயிற்று. அடுத்த ஆண்டே எட்வர்டு இறந்தார். அரசி மேரி இலத்தீன் வழிபாட்டை மீட்டார். 1556 மார்ச் 21ஆம் நாள் கிரான்மர் ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

மேரிக்குப்பின் வந்த முதலாம் எலிசபெத்து 1559இல் ஆங்கில நூலை மீண்டும் நிலைநாட்டினார். அதற்குரிய சட்டம் பிரபுக்கள் சபையில் 21க்கு 18 என்னும் மூன்றே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. 1549இன் வாக்கியமா, 1552இன் வாக்கியமா என்னும் வழக்கு அப்போதும் தீரவில்லை. அதற்குக் கண்ட வழி எளியது: இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிட்டனர். குரு இரண்டையும் ஒரே தொடராகச் சொல்வார். உடல் என்று நம்புவோரும் நினைவு என்று நம்புவோரும் ஒரே வரிசையில் முழங்காலிட்டு, தத்தம் பகுதியைத் தத்தம் நெஞ்சில் ஏற்றுக்கொள்வர். இதனை வெறும் சமாளிப்பு என்று தள்ளிவிடலாகாது. தன்னோடு உடன்படாதவரும் தன்னருகே நின்று சொல்லத்தக்கதாக ஒரு வாக்கியம் இருத்தல் வேண்டும் என்னும் அறிவு இத்திருத்தத்தில் தொழிற்பட்டது. கருத்தை விளக்கும் கட்டுரைக்குத் தெளிவே தலையாய பண்பு. பலர் சேர்ந்து சொல்லும் வழிபாட்டு உரைக்கு அகலமும் வேண்டும்.

அவ்வறிவு என்றும் நிலைத்து நிற்கவில்லை. உள்நாட்டுப் போரின்போது, 1645இல், நாடாளுமன்றம் ஜெபப் புத்தகத்தையே விலக்கியது. அதுவரை அந்நூலை ஏற்காதவர் தண்டிக்கப்பட்டனர். இப்போது அதனைப் பயன்படுத்தியவர் தண்டிக்கப்பட்டனர். 1660இல் முடியாட்சி திரும்பியது. 1661இல் ஆயர்கள் பன்னிருவரும் பிரெஸ்பிட்டேரியப் போதகர் பன்னிருவரும் இலண்டனில் சவாய் மாளிகையில் கூடித் திருத்தங்களைப் பற்றி வாதிட்டனர். பெரிய உடன்பாடு எதுவும் காணாமலே பிரிந்தனர். பின்னர் குருமார் மன்றம் ஏறத்தாழ 600 மாற்றங்களைச் செய்தது. அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை.

1662ஆம் ஆண்டின் ஒருமைச் சட்டம் அந்நூலைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கையால் எழுதப்பெற்ற நூற்படி சட்டத்தோடு உண்மையாகவே சேர்த்துக் கட்டப்பட்டது. அச்சிட்ட படிகள் அதனோடு ஒப்புநோக்கித் திருத்தப்பட்டு, அரசின் பெருமுத்திரை இடப்பெற்று, பேராலயங்களிலும் நீதிமன்றங்களிலும் இலண்டன் கோட்டையிலும் வைக்கப்பட்டன. இனி ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க மூலப்படி உண்டு என்னும் நிலை ஏற்பட்டது. ஆளும் அரசரின் பெயரைக் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள மட்டும் சட்டமே வழி விட்டிருந்தது. ஆகஸ்டு 24ஆம் நாளுக்குள் நூலை முழுமையாக ஏற்பதாக உறுதி கூறாத குருமார் பதவி இழந்தனர். 1660 முதல் அவ்வாறு வெளியேறியோர் தொகை ஏறத்தாழ 2,000. இங்கிலாந்தின் சமய வாழ்வில் திருச்சபையார் என்றும் பிரிந்தோர் என்றும் இரு பிரிவு நிலைபெற்றதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பெருங்காரணம்.

வியப்பு என்னவெனில், தண்டனையோடு புகுத்தப்பட்ட அந்நூலே காலப்போக்கில் மக்களின் அன்புக்குரியதாயிற்று. எழுத்தறியாதவரும் அதன் தொடர்களை மனப்பாடமாக அறிந்தனர். மணவாழ்வில் இணைவோரும் இறந்தோரை மண்ணுக்கு அளிப்போரும் வேறு சொற்களை நினைத்தும் பார்க்கவில்லை. பாட்டன் காலத்து இலத்தீன் எவ்வாறு நாவில் நின்றதோ, அவ்வாறே பேரர் காலத்தில் கிரான்மரின் ஆங்கிலம் நின்றது. சட்டம் தராத ஓர் உரிமையைப் பழக்கம் அந்நூலுக்குத் தந்தது.

ஆயினும் நூல் நின்ற இடத்தில் மொழி நிற்கவில்லை. தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்து, இன்று அதன் மறுதலையைக் குறிப்பதை மாணவர் அறிவர். ஆங்கிலத்திலும் அத்தகைய மாற்றம் நேர்ந்தது. ‘பிரிவென்ட்’ என்னும் சொல் கிரான்மர் காலத்தில் ‘முன்சென்று வழிகாட்டு’ என்னும் பொருளைத் தந்தது. பிற்காலத்தில் ‘தடு’ என்பதே அதன் பொருளாயிற்று. பழைய ஜெபத்தைச் சொல்லும் புதியவர், இறைவன் தம் செயல்களைத் தடுக்கவேண்டும் என்று வேண்டுவதாகவே எண்ணிக்கொள்ள நேரிட்டது. வழிபாட்டு முறையிலும் விருப்பங்கள் விரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருமார் பலர் நூலில் இல்லாத பழைய சடங்குகளை மீண்டும் கொணர்ந்தனர். 1874இல் அவர்களை அடக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டு, சிலர் சிறையும் சென்றனர். வழிபடும் குருவைச் சிறையிலிடும் காட்சியை நாடு விரும்பவில்லை. 1906இல் அரச ஆணைக்குழு ஒன்று, பொது வழிபாடு பற்றிய சட்டம் அக்காலத் தலைமுறைக்கு மிகக் குறுகியது என்று அறிக்கை தந்தது. நூலைத் திருத்தும் பணி அவ்வாண்டே தொடங்கியது.

அப்பணி இருபது ஆண்டுகள் நீண்டது. 1919ஆம் ஆண்டின் சட்டப்படி, திருச்சபைப் பேரவை ஒரு தீர்மானச் சட்டத்தை ஆக்கி அனுப்பலாம். நாடாளுமன்றம் அதனை ஏற்கலாம், அன்றி மறுக்கலாம், திருத்த இயலாது. 1927இல் பேரவை பெரும்பான்மையோடு புதிய நூலை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 14ஆம் நாள் பிரபுக்கள் சபை 241க்கு 88 என்னும் வாக்குகளால் ஒப்புதல் தந்தது. மறுநாள் மக்களவை 238க்கு 205 என்னும் வாக்குகளால் மறுத்துவிட்டது. நோயாளருக்கென அப்பத்தையும் இரசத்தையும் எடுத்துவைக்கும் வழக்கத்திற்கு இடமளிப்பது உரோமைக்குத் திரும்பும் வழியாகும் என்னும் அச்சம் அவையில் பரவியிருந்தது. சில மாற்றங்களோடு 1928 ஜூன் 14ஆம் நாள் நூல் மீண்டும் வந்தது. இம்முறை 266க்கு 220 என மறுப்பு இன்னும் வலுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத உறுப்பினரும் அவ்வாக்கெடுப்பில் பங்குகொண்டனர். ஒரு திருச்சபை தன் ஜெபத்தைத் தானே முடிவு செய்ய இயலாத நிலை வெட்டவெளிச்சமாயிற்று. முதுபெரும் பேராயர் ராண்டல் டேவிட்சன் அவ்வாண்டே பதவி விலகினார்.

சட்டத்தின் வாயில் மூடியது. வழக்கத்தின் வாயில் திறந்தே இருந்தது. மறுக்கப்பட்ட 1928ஆம் ஆண்டு நூல் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதன் எல்லைக்குள் அமையும் மாற்றங்களைத் திருச்சபைப் பற்றுக்கு மாறானவையாகக் கருதுவதில்லை என்று ஆயர்கள் 1929இல் அறிவித்தனர். மணமகன் மட்டுமின்றி மணமகளும் ஒரே உறுதிமொழியைச் சொல்வதற்கு இடமளித்த அதன் திருமண முறையைக் குடும்பங்கள் பல விரும்பி ஏற்றன. நாற்பது ஆண்டுகளாகச் சட்டத்தின் ஆதரவின்றியே அந்நூலின் பகுதிகள் ஆலயங்களில் ஒலித்தன. ஆணை இருந்தும் நாவில் ஏறாத நூலை 1549 கண்டது; நாவில் ஏறியும் ஆணை பெறாத நூலை 1928 கண்டது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையினர் ஆகியோரின் மரபுகள் ஒன்றுகூடி, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தன. நூல் வழி ஜெபிப்போரும், நூலின்றி நெஞ்சில் எழுந்தவாறு ஜெபிப்போரும் ஒரே சபையினராயினர். அவர்கள் அனைவர்க்கும் ஒரே நூலை விதித்திருந்தால் 1662 திரும்பவும் நிகழ்ந்திருக்கும். ஒன்றுபட்டோர் அவ்வாறு செய்யவில்லை. அவரவர் பழகிய முறை தொடரலாம் என்று உறுதியளித்து, 1950இல் ஒரு திருவிருந்து முறையை வகுத்து, விரும்புவோர் பயன்படுத்தலாம் என வழங்கினர். கேரளத்துச் சுரியானி மரபினின்று எடுக்கப்பெற்ற ஒரு வழக்கம், அமைதி வாழ்த்தைக் கைக்குக் கை பகிர்ந்துகொள்வது, அதில் இடம்பெற்றது. கட்டாயமின்றி வந்த அம்முறை விரைவில் பரவியது. 1963இல் முழு வழிபாட்டு நூலாக விரிந்தது. பிற நாட்டுத் திருச்சபைகள் தம் நூல்களைத் திருத்தியபோது இதனை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டன.

இங்கிலாந்தும் மெல்ல அவ்வழிக்கு வந்தது. 1955இல் வழிபாட்டு ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 1965ஆம் ஆண்டின் சட்டம் மாற்று வழிபாட்டு முறைகளைச் சிலகாலம் பயன்படுத்திப் பார்க்க இடமளித்தது. 1970இல் பொதுச் சினாடு தோன்றியது. 1974ஆம் ஆண்டின் சட்டம் வழிபாட்டு உரைகளை ஏற்கும் அதிகாரத்தை அச்சினாட்டின் கையில் அளித்தது. அன்று அமைந்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. ஆணைக்குழு வரைவை ஆக்கும். ஆயர் மன்றம் அதனை ஆராய்ந்து சினாட்டிற்கு அனுப்பும். சினாடு பொதுவாக விவாதித்தபின் திருத்தக்குழு சொல் சொல்லாக ஆராயும். உறுப்பினர் எவரும் திருத்தம் முன்மொழியலாம். பின்னர் நூல் ஆயர்களிடம் திரும்பிச் சென்று, இறுதி வடிவில் மீண்டும் சினாட்டிற்கு வரும். அப்போது ஆயர், குருமார், பொதுநிலையினர் ஆகிய மூன்று மன்றங்களிலும் தனித்தனியே மூன்றில் இரு பங்கினர் உடன்பட வேண்டும். ஒரு மன்றத்தில் குறைந்தாலும் உரை நிற்காது. ஊர்தோறும் எந்த முறையைப் பின்பற்றுவது என்பதைக் குருவும் சபைக் குழுவும் சேர்ந்தே முடிவு செய்வர். எல்லாவற்றினும் மேலாக, 1662ஆம் ஆண்டு நூல் என்றும் பயன்பாட்டிற்கு உரியதாகவே இருக்கும். அதனை நீக்கும் உரிமை சினாட்டிற்கு இல்லை.

இத்துணைக் கட்டுப்பாடுகள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறும் சட்டத்தை நாடு தாங்கும். ஏனெனில் சட்டத்தைப் பிடிக்காதவரும் அதற்குக் கீழ்ப்படியலாம். ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறும் ஜெபத்தைச் சபை தாங்காது. ஜெபத்தைக் கீழ்ப்படிந்து சொல்ல இயலாது. உடன்பட்டே சொல்ல இயலும். இதனை உணர்வதற்கு ஒரு கிளர்ச்சியும், 2,000 பேரின் பதவியிழப்பும், இரண்டு நாடாளுமன்றத் தோல்விகளும் தேவைப்பட்டன.

புதிய ஏற்பாட்டின் கீழும் துயரம் இல்லாமற் போகவில்லை. 1980இல் வெளிவந்த மாற்று வழிபாட்டு நூல் இறைவனை அழைக்கும் பழைய ஒருமைச் சொல்லை விடுத்து, நாள்தோறும் வழங்கும் சொல்லை ஏற்றது. கிரான்மர் காலத்தில் அவ்வொருமைச் சொல் தமிழின் ‘நீ’யைப் போன்று நெருக்கம் காட்டியது. பேச்சு வழக்கில் மறைந்துபோனமையால் அதுவே பிற்காலத்தில் உயர்ந்த மரியாதைச் சொல்லாக ஒலித்தது. அதனை எடுத்தபோது சிலருக்கு இறைவன் நெருங்கி வந்ததாகத் தோன்றியது. சிலருக்கு இறைவன் எளிமைப்படுத்தப்பட்டதாகத் தோன்றியது. 1979இலேயே எழுத்தாளர், அறிஞர், இசைவாணர் எனப் பலர் பழைய நூலைக் காக்குமாறு சினாட்டிற்கு விண்ணப்பம் அளித்திருந்தனர். பரமண்டல ஜெபத்தின் ஒரு வரிக்குப் புதிய வடிவம் முன்வைக்கப்பட்டபோது, சினாடே அதனை விடுத்துப் பழகிய வடிவத்திற்குத் திரும்பியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 1980ஆம் ஆண்டு நூலின் காலம் முடிந்தது. அதன் இடத்தில் வந்த பொது வழிபாடு என்னும் நூல்வரிசை, அந்த ஜெபத்தின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் சேர்த்தே அச்சிட்டது. 1559இல் திருவிருந்து வாக்கியத்திற்குக் கண்ட அதே வழிதான் இது.

பணி இன்னும் ஓயவில்லை. 2015இல் எளிய ஆங்கிலத்தில் அமைந்த ஞானஸ்நான உரைகள் கூடுதலாக ஏற்கப்பட்டன. ஒரே பாலினத்து இணையருக்கான ஆசிமொழிகளை ஆயர்கள் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தபோது, பொருள் பற்றிய வாதத்தோடு முறை பற்றிய வாதமும் எழுந்தது. ஆயர்களின் பரிந்துரை போதுமா, மூன்று மன்றங்களின் மூன்றில் இரு பங்கு வேண்டுமா என்று இரு சாராரும் வாதிட்டனர். வெளியே நின்று பார்ப்போர்க்கு இது விதிகளைப் பற்றிய வீண் வழக்காகத் தோன்றலாம். 1549 முதல் நிகழ்ந்தவற்றை அறிந்தோர்க்கு அவ்வாறு தோன்றாது. யார் பெயரால் ஜெபம் சொல்லப்படுகிறதோ, அவர்களின் உடன்பாடு எவ்வாறு பெறப்பட்டது என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

மொழியைப் பேணுவோர் இவ்வரலாற்றில் தம் பணியின் சாயலையும் காணலாம். பழஞ்சொல்லின் பொருள் மறைந்துபோக விடுவது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் குறை. விளக்கம் கருதி அதனை ஒரே நாளில் பிடுங்கி எறிவது முந்தைய தலைமுறைக்குச் செய்யும் குறை. இரண்டுக்கும் இடையே நடப்பதற்கு இங்கிலாந்துத் திருச்சபை பல நூற்றாண்டு முயன்று கண்ட வழி, புதியதைப் பலரும் ஆராய்ந்து ஏற்றபின் வழங்குவதும், பழையதை விரும்புவோர் கையினின்று பறிக்காமல் விடுவதுமே ஆகும். 1662ஆம் ஆண்டு நூல் இன்றும் அத்திருச்சபையில் சட்டப்படி உயிரோடிருக்கிறது. புதிய நூல் உள்ள அதே இருக்கையில் அதனையும் கையில் எடுத்து ஜெபிப்போர் இன்றும் உளர்.